அடிக்காத அலாரம்

எங்க மல்லாபூர் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து ஏத்துற பம்ப் செய்யுது. இன்னைக்கு டெஸ்டிங்ல ட்யூபை அடைச்சும் அலாரம் அடிக்கல.

அதோட ப்ரோக்ராம் கோடு எழுதினது பக்கத்து சீட் ஸ்ரீகாந்த், இங்க லாலாகுடாலயே வளர்ந்த தமிழன். பழைய ஹெடர் ஃபைலை காப்பி பண்ணி அலாரத்துக்குப் புதுசு செஞ்சிருக்கான். நாங்க எல்லாருமே அப்படித்தான். ஃபைலுக்கு அடையாளமா மேல இருக்கிற கார்டு (guard) பேரை மட்டும் மாத்தல.

ஒரே கார்டு பேர்ல ரெண்டு ஹெடர் வந்தா, ரெண்டாவதை ஏற்கனவே படிச்சாச்சுன்னு நினைச்சு, கோடை மெஷினுக்கு மாத்திக் கொடுக்கிற கம்பைலர் தாண்டிப் போயிடும். அலாரத்தை ஆன் பண்ற வரி அதுக்குள்ளதான் இருந்துச்சு. எரரும் வரல.

"பேரை மாத்திட்டேன், இப்ப அடிக்குது"ன்னேன்.

"ஹவ்"னான், இந்த ஊர் 'ஆமா'. பம்பையே பார்த்துக்கிட்டு சொன்னான்:

"போன மாசம் ஆஸ்பத்திரில அம்மாவுக்கு இந்த மாதிரி பம்ப்தான் மாட்டியிருந்தாங்க. அலாரம் அடிக்கலைன்னா எல்லாம் சரியா இருக்குன்னு நம்பி டீ குடிக்கப் போவேன்."

இன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் டீக்கு எழுந்திருக்கல.

காப்பி பண்ணாம ஹெடர் எழுதுறவங்க யாராவது இருந்தா, கமெண்ட்ல வாங்க.