கரைவலைக்காரரோடு மகாவலி பார்க்கப் போன நாள்

மகாவலியை ஒரே நாளில் மேலிருந்து கீழாகப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாவலப்பிட்டியில் தொடங்கி கம்பளை, பேராதனை, கட்டுகஸ்தோட்டை, பொல்கொல்லை என்று இறங்கி, நான் குடியிருக்கும் குண்டசாலையில் முடிக்கலாம். அழகான வழி, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் போன மாசி மாதம் நான் அழகு பார்க்கப் போகவில்லை. என் நாத்தனாரின் கணவர் சிவராசா அண்ணனுக்கு வழி காட்டப் போனேன். இப்போது நினைத்தால், பேசாமல் அவரைப் பேராதனைப் பூங்காவில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஊருக்கு பஸ் ஏற்றியிருக்கலாம்.

சிவராசா அண்ணன் மூதூர்ப் பக்கம், மகாவலி கடலில் விழும் இடத்துக்கு அருகில் கரைவலை போடுகிறவர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வலையைத் தோணியில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு முனைகளையும் ஆட்கள் கரையில் நின்றே இழுப்பார்கள். எந்தக் கரைத் துண்டில் யார் இழுக்கலாம் என்று உரிமை உண்டு. அதற்குப் பெயர் பாடு. அண்ணனுக்கும் ஒரு பாடு, அதில் வலையும் சாமானும் வைக்க ஓலை போட்ட ஒரு வாடி.

ஒவ்வொரு மாரி வெள்ளத்துக்குப் பிறகும் அவர் வலையில் மீனோடு பொலித்தீனும் ஏறுகிறது. கடலடியில் படிந்து கிடப்பது வலையைக் கிழிக்கிறது. இழுக்க வந்தவர்கள் வெறுத்துப்போய் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இதற்கிடையில் அந்தக் கரையில் விடுதி கட்ட ஒருவர் பாட்டையும் வாடியையும் விலைக்குக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார். பங்குனியில் வலை போடத் தொடங்கும் முன் அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அப்படியிருக்கையில்தான், பருவத்துக்கு முன் சும்மா ஒருமுறை போட்டுப் பார்த்த வலையில் ஒரு முருகன் படம் சட்டத்தோடு ஏறியிருக்கிறது. பின்னால் கண்டியில் உள்ள ஏதோ ஒரு கடையின் ஸ்டிக்கர். உடனே எனக்குப் போன்.

"விக்கிறதெண்டா ஒரு நிமிசத்தில விக்கலாம் தங்கச்சி. அதுக்கு முதல் இதெல்லாம் எங்கயிருந்து வருது எண்டு ஒருக்காப் பாக்கவேணும். இனிப் போடமாட்டம், நாங்க பாத்துக்கொள்ளுறம் எண்டு சொல்ல அங்க ஒரு ஆள் இருந்தாலும் போதும், நான் பாட்டை விடமாட்டன்."

"கண்டியில வீட்டுக்கு வீடு கதவத் தட்டப் போறீங்களா அண்ணே?" என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே ஒரு மூட்டைக் கருவாட்டோடு வந்து இறங்கிவிட்டார். அந்த வாடை எங்கள் சமையலறையை விட்டுப் போக ஒரு வாரம் ஆனது!

குண்டசாலையில் காலை ஆறே காலுக்கு பஸ் பிடித்தோம். கண்டி குட்ஷெட் நிலையத்தில் மாறி நாவலப்பிட்டி பஸ் ஏறினால் சுமார் முப்பத்தெட்டு கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம். தலைக்கு நூற்றைம்பது ரூபாய்க்குப் பக்கம் ஆகும். ஜன்னலோரம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆறு கண்ணில் படும் இடமெல்லாம் குனிந்து குனிந்து பார்த்தபடி வந்தார். கம்பளையைத் தாண்டி ஒரு பாலத்தில் ஏறும்போது, முன் இருக்கையில் இருந்தவர் பராட்டா தின்று முடித்த பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி வெளியே ஆற்றில் விட்டெறிந்தார்.

"ஆள் அம்பிட்டான்" என்றார் அண்ணன் என் காதுக்குள். குரலில் எவ்வளவு சந்தோஷம்! எழுந்து அவரோடு சண்டை போட்டுவிடுவாரோ என்று பயந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சண்டை போடவில்லை. கெட்டவன் ஒருவன் இருக்கிறான், அவனைக் கண்ணால் பார்த்தாயிற்று என்ற நிம்மதியோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நாவலப்பிட்டி வரும்வரை அவர் முகம் தெளிவாகவே இருந்தது.

நாவலப்பிட்டியில் இறங்கியதும் என் அம்மாவின் தங்கை வீட்டுக்குப் போனோம். பஸ் நிலையத்திலிருந்து த்ரீவீலரில் அறுநூறு ரூபாய். பூங்கொடி சின்னம்மா குடும்பம் இத்தனை வருடமும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில் இருந்தது. இப்போதுதான் சொந்த வீடு கிடைத்திருக்கிறது. மறுநாள் பால் காய்ச்சப் போகிறார்கள். வீடு முழுக்கப் பெயின்ட் வாசம், சின்னம்மா முகம் முழுக்கச் சிரிப்பு. புதுச் சாமிப் படங்கள் சுவரில் ஏறியாயிற்று. பழைய படங்கள், கண்ணாடி வெடித்ததும் புகை படிந்ததுமாக, வாடிய மாலைகளோடு ஒரு பெரிய பொலித்தீன் பைக்குள் இறுகக் கட்டப்பட்டு வாசலில் இருந்தன.

"நல்ல நேரத்துல வந்தீங்க. இத ஆத்துல விட்டுட்டு வந்து சாப்பிடுவோம்" என்றார் சின்னம்மா.

அண்ணனைப் பார்த்தேன். அவர் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆட்களின் வழக்கம் தெரியாதவர்களுக்கு இது விளங்காது. உடைந்த சாமிப் படத்தை வீட்டில் வைக்கக் கூடாது. குப்பையில் போடக் கூடாது. கால் படும் மண்ணில் புதைக்கக் கூடாது. நெருப்பில் போடுவதை வாயால் சொல்லவும் கூடாது. ஓடுகிற தண்ணீரில் விட்டால்தான் மரியாதை. அந்த மரியாதையில் நாய், காக்கை வாய் வைத்துவிடாமல் பையில் போட்டு, மூன்று முடிச்சுப் போட்டு விடுவார்கள். களிமண் பிள்ளையாரைக் கரைத்த ஆறு, பிளாஸ்டிக் சட்டத்தையும் கரைத்துவிடும் என்று நம்பிக்கை.

ஆற்றங்கரைக்கு எல்லோரும் போனோம். சின்னம்மா, சித்தப்பா, நான், அண்ணன். போகும் வழியில் மெதுவாக ஆரம்பித்தேன். "சின்னம்மா, சட்டம், கண்ணாடி, பையெல்லாம் தண்ணில மக்காதே. போய்க் கடல்ல சேருதாம்."

"அப்ப என்ன, குப்பையிலயா போடச் சொல்ற? சாமிடி அது! இத்தன வருசம் லயத்துல எங்களக் காப்பாத்துன சாமி."

"அதுக்கில்ல..."

"பின்ன எதுக்கு? நீயே சொல்லு, எங்க வைக்கிறது?"

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார், ஏதாவது சொல்லப் போகிறேன் என்று. நான் செருப்பில் ஒட்டிய சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

கரையோரம் முழுக்கப் பாறை. சித்தப்பா பையைத் தூக்கிப் பார்த்தார். "இங்கேருந்து போட்டா கல்லுல மாட்டிக்கும். நடு ஆத்துல விழணும்" என்று சொல்லி, அண்ணனிடம் நீட்டினார். "தம்பி, நீங்க கடல்காரரு. வீசிப் பழகுன கை. நீங்கதான் போடணும்."

சின்னம்மாவும் கும்பிட்ட கையோடு, "ஆமா தம்பி, ஒங்க கையால போடுங்க" என்றார்.

என்ன செய்வார் மனிதர்? சம்பந்தி வீடு. மறுநாள் பால் காய்ச்சு. அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டபடி நிற்கிறார்கள். மாட்டேன் என்றால் அபசகுனம். அண்ணன் பையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இடுப்பை ஒடித்து ஒரு வீசு. பை சரியாக நடு ஓட்டத்தில் விழுந்து, ஒரு முறை அமுங்கி மேலே வந்து, அழகாகப் போனது.

"அப்பாடா! கடல்காரக் கைன்னா சும்மாவா!" என்று சித்தப்பா அவர் முதுகில் தட்டினார். சின்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டே இருந்தார், அதில் ஈரம் எதுவும் இல்லாவிட்டாலும்.

சாப்பாடு பிரமாதம். ரொட்டியும் கட்டைச் சம்பலும், அண்ணன் கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பும். அவர் இரண்டு ரொட்டிக்கு மேல் தொடவில்லை. கறி காரமோ என்று சின்னம்மா மூன்று முறை கேட்டுவிட்டார்.

பிற்பகல் பஸ் பிடித்துக் கண்டி வந்து, அங்கிருந்து கட்டுகஸ்தோட்டை. பாலத்தடியில் மடவளைக்காரர் ஒருவரின் த்ரீவீலர் கிடைத்தது. பொல்கொல்லை அணைக்கட்டைப் பார்த்துவிட்டுக் குண்டசாலையில் விட ஆயிரத்து இருநூறு ரூபாய் பேசினோம். அணைக்கட்டுக்குள் விடமாட்டார்கள், தெருவிலிருந்துதான் பார்க்க வேண்டும். தண்ணீர் தேங்கிய ஓரத்தில் போத்தல்கள், சாப்பாடு கட்டும் வெள்ளை ரெஜிபோம் பெட்டி, பை, செருப்பு எல்லாம் கூடிக் கிடந்தன. எனக்கு ஒரு நப்பாசை.

"பாருங்க அண்ணே, எல்லாம் இங்கயே நின்னுடுது. கீழ இன்னும் அணை இருக்கு."

த்ரீவீலர்க்காரர் திரும்பினார். "மழ பேஞ்சு அணைக் கேட்டத் தொறந்தா ஒண்டும் நிக்காது தாத்தா. ஒரே நாள்ல துப்பரவாப் போயிடும்" என்றார். தாத்தா என்று அவர் சொன்னது என்னைத்தான். மடவளை முஸ்லிம்கள் பேச்சில் அக்கா என்று அர்த்தம்.

அண்ணன் தெருவோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் குப்பையை எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "வாடிக்குள்ள ஒரு பலகை அடிச்சு வச்சிருக்கிறன் தங்கச்சி. வலையில வாற சாமிப் படமெல்லாம் அதிலதான். பிள்ளையார், லட்சுமி, மாதா, அந்தோனியார், எல்லாரும் இருக்கினம். எனக்கும் எறிய மனம் வராது. உங்கட சின்னம்மா சொன்னது சரி. எங்க வைக்கிறது?"

"பஸ்ஸுல எறிஞ்சானே, அவன மாதிரி ஆளுங்க எத்தன பேர் இருக்காங்க" என்றேன், எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

"அவனோட சண்டை பிடிக்கலாம். கும்பிட்டுக்கொண்டு எறியிற சனத்தோட என்னெண்டு சண்டை பிடிக்கிறது? நானே எறிஞ்சிட்டன்."

மறுநாள் காலையில் திருகோணமலை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். வெறும் பையோடு போனார்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். மாசி, பங்குனி நல்ல காலம். மழை தொடங்கினால் ஆற்றங்கரைப் பக்கம் அட்டை கடிக்கும், கல் வழுக்கும். ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு. குடிக்கிற தண்ணீரை வீட்டிலிருந்து கொண்டுபோங்கள், போத்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஆற்றில் எதையாவது விட்டே ஆக வேண்டும் என்றால் பூவை மட்டும் விடுங்கள். சாமிப் படம் என்றால் சட்டத்தைக் கழற்றுங்கள், கண்ணாடியை வேறாக்குங்கள், தாளை மட்டும் கால் படாத ஒரு மர அடியிலோ பூந்தொட்டியிலோ புதையுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது. இதெல்லாம் நான் திரும்பி வந்த பிறகு யோசித்துக் கண்டுபிடித்த பெரிய ஞானம். சின்னம்மாவிடம் போனில் சொன்னேன். "மொதல்லயே சொன்னா கேட்டிருப்பேனே" என்றார், வெகு சாதாரணமாக.

பங்குனி நடுவில் அண்ணன் போன் பண்ணினார். பாட்டைக் கொடுத்துவிட்டாராம். வலையை வேறு ஊர்க்காரர் வாங்கிக்கொண்டார்களாம். விடுதிக்காரர் வாடியைப் பிரிக்க அவசரப்படுகிறார், பலகையில் இருக்கும் படங்களை என்ன செய்வதென்று தெரியவில்லை என்றார்.

"எல்லாத்தையும் பெட்டியில போட்டு எனக்கு பஸ்ஸுல அனுப்பி விடுங்க அண்ணே. நான் பாத்துக்கிறேன்" என்றேன். எனக்கே பெருமையாக இருந்தது.

அவர் குரலில் கோபம் இருக்குமோ என்று கவனித்தேன். கோபமில்லை, களைப்பு.

"ஓம், அனுப்புறன்" என்றார். "இதை அண்டைக்கு ஆத்தங்கரையில சொல்லுவாய் எண்டுதான் உன்ர முகத்தைப் பாத்தனான் தங்கச்சி."