என் அளவுக்கு ஒரு சைக்கிள்

கடைக்காரர் முதலில் கேட்டதே உயரம்தான். நூற்று எழுபது என்றேன். பொய். நான் நூற்று அறுபத்தொன்பது. போலீஸ் தேர்வு கிரவுண்டில் சுவரோரம் நிறுத்தி அளந்து, அந்த ஒரு சென்டிமீட்டருக்காகத்தான் முதல் நாளே என்னை வெளியே அனுப்பினார்கள். அப்பா ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சித்தப்பாமார் இரண்டு பேரும் ராணுவம். எங்கள் வீட்டில் மார்க் குறைந்தால் மன்னிப்பு உண்டு, உயரம் குறைந்தால் கிடையாது. அதிலிருந்து யார் கேட்டாலும் நூற்று எழுபதுதான். இருபது வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.

ராஜபாளையத்தில் ரோடு பைக் என்கிற, குனிந்து ஓட்டும் சைக்கிள் விற்கிற கடை அது. சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையில் நூற்று எழுபதுக்குக் கீழே ஸ்மால், நூற்று எழுபதிலிருந்து மீடியம். உயரத்தை மட்டும் வைத்து பிரேம் எடுக்கக்கூடாது, காலும் கையும் அளக்கணும், சுவரோரம் நில்லுங்கள் என்றார். மறுபடியும் சுவரோரமா? என் அளவு எனக்குத் தெரியாதா என்று எரிந்து விழுந்து, மீடியத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. தினமும் அதில்தான் போனேன். ஹேண்டில் எட்டாமல் முக்கால்வாசி படுத்துக்கொண்டு ஓட்டவேண்டும், பிரேக் பிடிக்கக் கையை இன்னும் கொஞ்சம் நீட்டவேண்டும். கோர்ட் வாசலில் இறங்கும்போது கழுத்து திரும்பாது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயிருக்கும். ஒருநாள் வாய்தா தேதியைத் தப்பாக அடித்து, எல்லார் முன்னாலும் பேச்சு வாங்கினேன். கீபோர்டு சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். ஆறு மாதம் இப்படியே ஓடியது.

பிறகு ஒருநாள் காலையில் மரத்த விரல் சாயங்காலம் வரை தெளியவில்லை. பயந்துபோய்க் கடைக்குப் போனேன், வாயை மூடிக்கொண்டு சுவரோரம் நின்றேன். செருப்பைக் கழற்றச் சொன்னார். தொடைகளுக்கு நடுவில் ஒரு புத்தகத்தை நிமிர்த்தி வைத்துக் கால் அளந்தார், அப்புறம் கை, அப்புறம் இடுப்பிலிருந்து தோள்வரை.

“சார், நீங்க நூத்தி எழுவதே இருந்தாலும் ஒங்களுக்குச் சின்னதுதான். காலு நீளம், ஒடம்பு கட்டை, அதான் ஹேண்டில் எட்டல. அன்னைக்கே செத்த நேரம் நின்னிருந்தா சொல்லிருப்பேன்.”

பழசை எடுத்துக்கொண்டு சின்னதைத் தருவதாகச் சொன்னார். கொண்டுபோய்க் கொடுக்க வீட்டில் அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஏன் மாற்றுகிறாய் என்று அப்பா கேட்டார். என் அளவுக்குப் பெரிதாக இருக்கிறது என்றேன்.

“ஆமாலே, அன்னைக்கு கிரவுண்டுலயும் அதத்தான சொன்னாக” என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

எனக்கு நாற்பத்து மூன்று வயது, சம்பாதிக்கிறேன், பிள்ளை குட்டி இருக்கிறது. துடைத்த பெடலையே மறுபடியும் துடைத்தேன்.

புது சைக்கிளில் முழங்கை லேசாக மடங்குகிறது. கழுத்து வலி இல்லை, விரல் மரப்பதில்லை. அப்பா குளிக்கப் போகிற நேரம் பார்த்துத்தான் அதை வெளியே எடுக்கிறேன்.