தளிகைக்கு முன் சாப்பிட்டவள்

புரட்டாசி சனிக்கிழமையில் பெருமாளுக்குத் தளிகை படைத்து, கோவிந்தா சொல்லும்வரை எங்கள் வீட்டில் யாரும் எதையும் வாயில் வைப்பதில்லை. போன வருஷம் அப்படியொரு சனிக்கிழமைக்கு மறுநாள் திருப்பதியில் எனக்கு மாரத்தான். வம்பே அங்கேதான் ஆரம்பித்தது.

நான் ஓட ஆரம்பித்த காலத்தில் இந்த வம்புக்கு இடமே இல்லை. அப்போதெல்லாம் எங்கள் ஓட்டக் குழுவில் வெறும் வயிறுதான் வேதம். ஞாயிறுதோறும் திருப்பதி மலையடிவாரத்தில் அலிபிரிப் பக்கம் விடியற்காலையில் ஓடி முடிக்கும்வரை தண்ணீர் மட்டும்தான். சோற்றைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல ஒதுங்குவோம். நடுவில் காபியில் நெய்யைப் போட்டுக் குடிக்கச் சொன்னார்கள். அதையும் குடித்துத் தொலைத்தேன். இப்போது எல்லாம் தலைகீழ். போட்டிக்கு முந்தின நாள் முழுக்கச் சோறும் இனிப்புமாகச் சாப்பிட வேண்டுமாம். ஓடும்போது அரை மணிக்கு ஒரு தரம் ஜெல் என்கிற சர்க்கரைக் கூழைப் பொட்டலத்திலிருந்து உறிஞ்ச வேண்டுமாம். அதற்கு வயிற்றையும் மாதக்கணக்கில் பழக்க வேண்டுமாம். அன்றைக்குச் சோற்றை விடச் சொன்ன அதே பயிற்சியாளர்தான், "கம்மியா துன்னுட்டு வந்து நடுவுல உக்காந்துக்காதம்மா" என்று இப்போது திட்டுகிறார். திட்டு வாங்கிக்கொண்டு சாப்பிட்டதில் நன்றாகவே ஓடினேன், பொய் சொல்லக் கூடாது.

அந்தச் சனிக்கிழமை நகரியில் எங்கள் வீட்டு அடுப்படியில் அத்தை, அதாவது என் மாமியார், விடிந்ததும் குளித்துவிட்டு நின்றார். சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, வடை. சாமிக்கு வைப்பதை ருசி பார்க்கக் கூடாது என்பதால் உப்பைக் கைப்பழக்கத்தில் போடுவார். நான் தேங்காய் துருவிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். துணி உலர்த்துகிறேன் என்று மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று ஜாம் தடவிய பிரெட்டைத் தின்றேன். இன்னொரு தரம் போய்ப் பேரீச்சம்பழம். மூன்றாம் தரத்துக்கு ஆகட்டும் என்று இரண்டு ஜெல் பொட்டலங்களை இடுப்பில் செருகிக்கொண்டேன். சாமி கோபித்துக்கொள்ளும் என்ற பயமெல்லாம் இல்லை. அத்தைக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கிவந்து பூத்தொடுத்தேன்.

படையலுக்கு இலை விரிக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். என் கணவர் கற்பூரம் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். வடைத் தட்டோடு வந்த அத்தை அப்படியே சுவரில் சாய்ந்து சரிந்தார். உடம்பெல்லாம் வேர்வை. கைகள் நடுங்கின.

"காலைல மாத்திரை போட்டீங்களா அத்தை?"

"சக்கரை மாத்திரைய வுடக்கூடாதுன்னாரே டாக்டரு... போட்டுக்கினேன்."

மாத்திரையையும் விடவில்லை, விரதத்தையும் விடவில்லை. மாத்திரை சாப்பாட்டில் சேராது என்பது அவர் கணக்கு. சர்க்கரை இறங்கினால் உடம்பு என்ன ஆகும் என்பது எனக்கு மனப்பாடம். அதற்கு வேண்டியதும் என் இடுப்பில் இருந்தது. ஆனால் கை போகவில்லை. எடுத்தால், விரத நாளில் இது எதற்கு உன் இடுப்பில் என்று கேட்பார்களே!

"சாமி வந்துக்கீதோ?" என்றாள் ஒருத்தி. அந்தப் பேச்சுக்குப் பின்னால் நான் ஒளிந்து நின்றேன். கொஞ்ச நேரம்தான். ஆனாலும் நின்றேன். அத்தையின் கண் செருக ஆரம்பித்த பிறகுதான் பொட்டலத்தைக் கிழித்து அவர் வாயில் பிழிந்தேன்.

"தளிகைக்கு முன்ன வாயில இன்னா போட்ற?"

"மருந்து அத்தை. முழுங்குங்க."

முழுங்கினார். இரண்டாவதையும் கொடுத்தேன். மெல்ல வேர்வை அடங்கியது. ஆளைத் தெரிந்துகொண்டு சேலையைச் சரிசெய்தார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. என் வயிற்றுக்குள் போகும் ஒவ்வொரு பிடிச் சோற்றுக்கும் யோசனை கேட்டவள் நான். அத்தனை வருஷமாக அதே வீட்டில் மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

என் கணவர் வந்தார். விஷயத்தைக் கேட்டு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார். தளிகை முடியாமல் எழுந்திருக்க மாட்டேன் என்றார் அத்தை. அவசர அவசரமாகக் கற்பூரம் ஏற்றிக் கோவிந்தா சொன்னோம்.

"அதெப்பிடிம்மா மருந்த கையோட வச்சிக்கினு இருந்த?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "எனுக்கு இப்பிடி ஆவும்னு தெரிஞ்சி காலைலருந்து இடுப்புலயே வச்சிக்கினு சுத்திக்கீது. பெத்த பொண்ணு செய்யுமா?"

அந்தப் பொட்டலங்களை வாங்கத் திருப்பதிக்கு என்னோடு வந்தவர் என் கணவர். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். இல்லை என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

"பாவம், பச்சத்தண்ணி பல்லுல படாம நின்னுக்கினு கீது," என்றார் அத்தை மகனிடம். "மொதல்ல அதுக்கு எல போடு நைனா."

"நீங்க மொதல்ல சாப்பிடுங்க அத்தை."

"எனுக்குத்தான் மருந்து குட்த்துட்டியே. நீ துன்னு."

இலை போட்டார்கள். இன்னும் நடுக்கம் நிற்காத கையால் அத்தை எனக்குச் சர்க்கரைப் பொங்கலை அள்ளி வைத்தார். நான் பசித்தவளைப் போலவே சாப்பிட்டேன்.