ஒரே வண்டியில் அஞ்சு ராமசாமி

எங்க வீட்டுக்காரர் பேரை என் ஆயுசுல ஒரே ஒரு தடவைதான் வாயால சொல்லியிருக்கேன். இப்ப எழுதப்போறதும் அவர் பேரு இல்ல, தோட்டத்துத் தொரை எல்லாத் தமிழனுக்கும் வச்ச பேரு. ரெண்டும் ஒண்ணா இருந்தா அதுக்கு நான் என்ன செய்ய? ராமசாமி. எழுதிட்டேன். பாவம் தொரையைச் சேரட்டும்.

மலாயாவுல, ஜொகூர்ல இருக்கற லாயாங் லாயாங் ஸ்டேசன்லருந்து நாலு மைல் உள்ள போகணும் எங்க ரப்பர் தோட்டத்துக்கு. ரப்பர் வெலை விழறதுக்கு ரெண்டு வருசம் முந்தி நடந்தது இது. தொரைக்கு மரமெல்லாம் மனப்பாடம். எந்த மரம் எவ்வளவு பால் குடுக்கும், எதுக்குப் பட்டை காஞ்சிருக்குன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாரு. மனுசங்களுக்கு மட்டும் ரெண்டு பேரு போதும்னு விட்டுட்டாரு. ஆம்பளைன்னா ராமசாமி, பொம்பளைன்னா மீனாச்சி. பால் வெட்டுறவன், புல்லு வெட்டுறவன், அவருக்குச் சோறாக்குறவன் எல்லாம் ராமசாமி. ஊர்ல கெடா வெட்டி, காது குத்தி, ஆசையா பேரு வச்சு அனுப்பின பெத்தவங்க கேட்டா நெஞ்சு வெடிச்சிருப்பாங்க.

காலையில பெரட்டுக்கு, ஆளு கணக்கெடுக்க, வரிசையா நிக்கறப்போ தொரை "ராமசாமி!"ன்னு ஒரு சத்தம் போடுவாரு. முப்பது பேரு திரும்புவாங்க. நெசமாவே அந்தப் பேரு உள்ள ஒரே ஆளு எங்க வீட்டுக்காரரு. அவரு மட்டும் திரும்பமாட்டாரு. "என்னையத்தான் கூப்பிடுறாருன்னு என்ன நிச்சயம்?"ம்பாரு. அந்த வீம்புக்கு வாங்கின ஏச்சு கொஞ்சநஞ்சமா?

நாங்க மட்டும் யோக்கியமான்னு கேட்டா, அதுவும் இல்ல. கடை வச்ச சீனர் யாரா இருந்தாலும் எங்களுக்குத் தவுக்கேதான், மொதலாளின்னு அர்த்தம். ஆனா நாங்க யாருக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதல.

அந்த மழைக்காலத்துல குளிர்காய்ச்சல் வந்து எங்க லயத்து வரிசை வீடுகள்ல அஞ்சு ஆம்பளைங்க படுத்துட்டாங்க. எங்க வீட்டுக்காரர் ஒருத்தர், அடுத்த வீட்டுக்காரி புருசன் ஒருத்தர், இன்னும் மூணு பேரு. கணக்கெழுதுற கிராணி லீவுல போயிருந்ததால தொரையே தன் கையால சீட்டு எழுதிக் குடுத்தாரு. அஞ்சு பேரையும் ஒரே மாட்டு வண்டியில ஏத்தி ஸ்டேசனுக்கு அனுப்பினாங்க. அஞ்சு சீட்டுலயும் ஒரே பேரு இருந்தது அப்ப எங்களுக்குத் தெரியாது.

பத்து நாள் கழிச்சு டவுன் ஆஸ்பத்திரியிலருந்து காயிதம் வந்துச்சு. உங்க தோட்டத்து ராமசாமி செத்துட்டான், அடக்கம் பண்ணியாச்சு. கங்காணி நேரா என் வாசலுக்கு வந்தாரு. வேற எங்க போவாரு? தோட்டத்துல அந்தப் பேரு உள்ளவர் ஒருத்தர்தானே!

முதல்ல ஓடியாந்தது அடுத்த வீட்டுக்காரிதான். என்னைக் கட்டிப்பிடிச்சு அப்படி அழுதா. அப்புறம் அவளே பொம்பளைங்களையெல்லாம் கூட்டியாந்துட்டா, வளையல உடைக்கணும், தாலிய எறக்கணும்னு. "செய்ய வேண்டியதைச் செஞ்சிரணும்டி, இல்லன்னா அவரு ஆத்துமா அலையும்"னு என் கையப் பிடிச்சா.

"ச்சீ, எடு கைய! கண்ணால பாக்காம ஒரு வளையல்கூட உடைய விடமாட்டேன்."

அவ மூஞ்சி சுருங்கிப்போச்சு. என் நல்லதுக்குத்தான் செய்யறான்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் அவமேல அப்படி ஒரு ஆத்திரம்.

மறுநாள் காலையில கங்காணியோட ரயிலேறிப் போனேன். ஆஸ்பத்திரியில மருந்து கட்டுற டிரசர் நம்மாளுதான். புஸ்தகத்தைத் தொறந்து, "பேரச் சொல்லும்மா"ன்னாரு. எனக்கு வாய் வரல. கங்காணிதான் சொன்னாரு. டிரசர் தலையில கைய வச்சுக்கிட்டாரு. "எந்த ராமசாமிய்யா? பதினாலு ராமசாமி இருந்தாங்க, இப்ப பதிமூணு. எல்லாத் தோட்டத்துத் தொரையும் ஒரே பள்ளிக்கூடத்துலதான் படிச்சாங்களா?"

நான் நிக்கல. வார்டுக்குள்ள ஓடினேன். ரெண்டு பக்கமும் கட்டில், எல்லாரும் தலை வரைக்கும் இழுத்துப் போத்தியிருந்தாங்க. எங்கருந்துதான் தைரியம் வந்துச்சோ, அடிவயித்துலருந்து கத்தினேன்: "ராமசாமி!"

போர்வையெல்லாம் அசைஞ்சுது. தலை தலையா எழும்புச்சு. பாதி முகம் எந்தத் தோட்டமோ யாருக்குத் தெரியும். எங்க தோட்டத்துலருந்து வந்த அந்த மூணு பேரும் எழும்புனாங்க. அவரக் காணோம். வேற என்ன சொல்லிக் கூப்பிடறதுன்னு தெரியாம, வீட்டுல தெனமும் கூப்பிடற மாதிரியே "இந்தாங்க..."ன்னேன்.

கடைசிக் கட்டில்லருந்து சத்தம் வந்துச்சு. "இங்கதான் இருக்கேன். ஏன் ஊரக் கூட்டுறே?"

பாவி மனுசன், அங்கயும் திரும்பல! அவர் காலப் பிடிச்சுக்கிட்டு அழுதேன், சிரிச்சேன், திட்டினேன். என்னவிட சந்தோசமானவ அன்னைக்கு ஜொகூர்லயே இல்ல. கொஞ்சம் மூச்சு வந்தப்புறம்தான் எண்ணிப் பாத்தேன். அந்த மூணு பேரு, இவரோட நாலு. வண்டியில ஏறினது அஞ்சு.

நானும் கங்காணியும் திரும்பி வந்தப்போ அடுத்த வீட்டுக்காரி லயத்து முனையிலயே நின்னுக்கிட்டு இருந்தா. தூரத்துலயே என் கையில வளையலப் பாத்துட்டு ஓடியாந்தா. "நல்ல காலம்டி, நான் சொன்னத நீ கேக்கல!"ன்னு என் கன்னத்த வழிச்சு நெட்டி முறிச்சா. அவ கண்ணெல்லாம் தண்ணி. கங்காணி எங்கயோ மரத்தப் பாத்துக்கிட்டு நின்னாரு.

"எங்க வீட்டுக்காரரயும் பாத்தியா? கஞ்சி குடிக்கிறாரா?"ன்னு கேட்டா.

நான் ரெண்டு கையையும் சேலைக்குள்ள ஒளிச்சுக்கிட்டேன்.