காக்கிச் சேர்ட்டும் ஒரு பேணி ஈரலும்

எண்பத்து மூன்று கலவரம் முடிந்து மூன்றரை வருடம் கழிந்திருந்த நேரம். கண்டியில், ஹந்தானைக்கு ஏறும் வீதியிலிருந்து பிரிகிற ஓர் ஒழுங்கையில் வாடகை வீட்டில் இருந்தோம். நானும் கணவரும் யாழ்ப்பாணத்து ஆட்கள். இருவருக்கும் டவுனில் அரசாங்கக் கந்தோர் வேலை. பிள்ளைகள் இல்லை. வீட்டில் மூன்றாவது ஆள் வீமன். தவிட்டு நிறத்தில் ஓர் ஊர் நாய். அவனுடைய கதையைத்தான் சொல்லப்போகிறேன். சொல்லும்போது நடுவில் எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சனிக்கிழமை காலை பொலிசும் ஆமியும் ஒழுங்கைக்குள் வந்தார்கள். தமிழ் வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று பதிய வந்தார்களாம். கேற்றைத் தள்ளிக்கொண்டு முதலில் நுழைந்த பொலிஸ்காரர் மீது வீமன் பாய்ந்துவிட்டான். காக்கிக் காற்சட்டை முழங்காலுக்குக் கீழே கிழிந்தது. காலில் பல் கீறிய இரத்தம். ஒருவர் துப்பாக்கியை நீட்டினார். என் கணவர் ஓடிப்போய் நாய்க்கு முன்னால் நின்றார். கூட வந்த அதிகாரி பதறவில்லை. வீமனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது உடுப்பைப் பார்த்துத்தான் பாய்கிறது. யார் பழக்கினது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

ஒரு நாய் கடித்ததற்காக என் கணவரைப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்னேரம் வரை மர வாங்கில் இருத்தி வைத்தார்கள். விடும்போது சொல்லி அனுப்பியது இதுதான்: பதிவைச் சரிபார்க்கத் திரும்பவும் வருவோம். அப்போது நாய் கட்டிக் கிடந்தாலும் சரி, குரைத்தால் சுடுவோம். படைக்கு எதிராக நாய் வளர்க்கிறாய் என்று உன்னையும் விசாரணைக்கு எடுப்போம். அந்தக் காலத்தில் விசாரணைக்குப் போனவர் எப்போது திரும்பி வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது.

யார் பழக்கினது என்று கேட்டாரே, அந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை. ஐயா, நீங்கள்தான் பழக்கினீர்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கலவரத்தின்போது வீமன் எட்டு மாதக் குட்டி. கம்பும் கையுமாகக் கூட்டம் வந்தபோது மதிலேறிப் பக்கத்து வீட்டு முஸ்லிம் அண்ணர் வீட்டில் ஒளிந்தோம். நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். நானாவுக்கு மார்க்கெட்டில் இறைச்சிக் கடை. அவரும் மனைவியும் மூன்று நாள் எங்களை உள்ளறையில் வைத்துச் சோறு போட்டார்கள். முஸ்லிம் வீட்டுக்குள் நாயைக் கொண்டுபோக முடியாது. கொண்டுபோயிருந்தால் குரைத்தே எங்களைக் காட்டிக்கொடுத்திருக்கும். அதனால் விட்டுவிட்டு ஓடினோம். யன்னல் இடுக்கால் பார்த்தேன். கூட்டம் எங்கள் வீட்டை உடைக்கிறது, காக்கி உடுப்புக்காரர் இருவர் கேற்றடியில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். திரும்பி வந்தபோது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வீமன் சுருண்டு கிடந்தான். முன்பல் ஒன்று இல்லை. பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அவனைப் போய் யார் பழக்கினது என்று கேட்கிறார்கள்!

சரி, ஆத்திரப்பட்டு என்ன? குரைத்தால் சூடு. நாயை யாருக்காவது கொடுப்போம் என்றால், கடிக்கிற நாயை யார் எடுப்பார்? டவுனில் ஒருவர் நாய் பழக்குகிறார் என்று கேள்விப்பட்டுக் கூட்டிவந்தோம். அந்த மனிதர் தோல்வாரோடு வந்தார். வீமன் உறுமும்போதெல்லாம் சங்கிலியை இழுத்துப் பிடித்து வாரால் வீசினார். நாலாவது நாள் வீமன் உறுமுவதை நிறுத்திவிட்டான். "பார்த்தீர்களா?" என்று அவர் பெருமையோடு திரும்பியபோது, சத்தமே இல்லாமல் கையைக் கவ்வினான். வாரையும் எடுத்துக்கொண்டு ஓடியவர்தான், பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. அடிக்கிறவனைக் கூலி கொடுத்து வீட்டுக்குக் கூட்டிவந்த என்னை எதனால் அடிப்பது?

வழி சொன்னது நானாதான். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பெண் இருக்கிறாள், துரை பங்களாவில் நாய் பார்த்தவள் என்றார். துரையின் நாய்கள் கொழுந்து பறிக்கிற பெண்களைக் கண்டால் பாய்ந்து பிடுங்குமாம். அவள்தான் அவற்றைத் தீனி கொடுத்தே மாற்றினாளாம். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வீடுகளுக்குப் போய்ப் பழக்குகிறாளாம்.

"உமக்கு விசரே? தோட்டத்துப் பெட்டை வந்து நாய் பழக்கப் போறாளோ?" என்றார் என் கணவர். நான் அவரை மறுத்துப் பேசினேன் என்றாலும், அவள் வந்த அன்று தேத்தண்ணியை அலுமாரிக்கு மேலே ஒதுக்கி வைத்திருந்த காது உடைந்த கோப்பையில்தான் கொடுத்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நடந்தது அதுதான்.

முப்பது வயது இருக்கும். பஸ் ஏறி வந்த களைப்போடு முற்றத்தின் ஓரமாக, வீமனுக்கு முதுகை அரைவாசி காட்டி உட்கார்ந்தாள். அவனைத் தொடவில்லை, கூப்பிடவும் இல்லை. அரை மணி நேரம் சும்மா இருந்தாள். பிறகு, "இது கடிக்கிற நாய் இல்லைங்கம்மா. பயந்த நாய். கிட்ட வராத, கிட்ட வராதன்னு கத்துது" என்றாள். அப்போது ஒழுங்கையால் காக்கி உடுப்போடு யாரோ ஒரு காவல்காரர் போனார். வீமன் சங்கிலி அறுந்துவிடும்போல் குரைத்தான். அவர் போய் மறைந்தார். வீமன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவள் என் கையைப் பார்த்துச் சிரித்தாள்.

என் கையில் அரைப் பிஸ்கட் இருந்தது. எப்போது தகரப் பேணியைத் திறந்தேன் என்று எனக்கே தெரியாது.

"தெனமும் குடுப்பீங்களாம்மா?"

தினமும்தான். கலவரத்துக்குப் பிறகு எங்களுக்கு இருந்த ஒரே காவல் அவனுடைய குரல். காக்கி போனால் குரைப்பான், நான் பிஸ்கட் கொடுப்பேன். கம்போடு யாரும் போனால் குரைப்பான், இவர் தடவிக்கொடுத்து "கெட்டிக்காரன்" என்பார்.

"அப்ப மூணு வருசமா நீங்க நல்லாத்தான் பழக்கியிருக்கீங்க" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அது குரைத்ததற்கு நாள் தவறாமல் கூலி கொடுத்திருக்கிறீர்கள் என்றாள். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பயத்தைக் கொடுத்தது அவர்கள். அதைப் பிஸ்கட் போட்டு வளர்த்தது நான்.

அன்றைக்கே பிஸ்கட் பேணியைத் தூக்கி உள்ளே வைத்தோம். பிஸ்கட்டைவிடப் பெரிய ஆசை வேண்டும், மாட்டு ஈரல் வேண்டும் என்றாள். எங்களுடையது சைவ வீடு, மாட்டிறைச்சி குசினிக்குள் ஏறாது. நானாவின் மனைவி தங்கள் வீட்டில் அவித்து, சின்னச் சின்னதாக வெட்டிப் பேணியில் போட்டு மதிலுக்கு மேலால் தருவார். அவர்கள் வீட்டுக்குள் நாய் போகாது, எங்கள் வீட்டுக்குள் மாடு வராது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் மதிலில் அந்தப் பேணி இருந்தது.

நானாவின் கடைக் காவலாளியின் பழைய காக்கிச் சேர்ட் ஒன்றை வாங்கித் தூரத்துக் கொடியில் போட்டாள். வீமன் அதைப் பார்த்த அந்தக் கணமே, குரைக்க முதல், நான் ஈரல் கொடுக்க வேண்டும். சேர்ட்டை எடுத்தால் ஈரலும் நின்றுவிடும். இரண்டு வாரத்தில் காக்கியைக் கண்டதும் ஈரல் எங்கே என்று என் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினான். பிறகு சேர்ட்டை ஓர் ஆள் போட்டு நடக்க வேண்டும். "நான் நிக்கிறேன் தங்கச்சி. அது வாய் மட்டும் என்மேல படாமப் பாத்துக்கங்க, பள்ளிக்குத் தொழப் போக ஈக்கிது" என்று முன்வந்தார் நானா. காலையும் மாலையும் சாரத்துக்கு மேலே காக்கிச் சேர்ட்டும், தோளில் துப்பாக்கிக்குப் பதிலாகக் குடையுமாக, அவ்வளவு பெரிய வயிற்றோடு ஒழுங்கை முடக்கில், வீமனுக்கு நாற்பது அடி தள்ளி நடை பழகுவார். அடுத்த வாரம் முப்பத்தைந்து அடி. ஆமியின் பச்சை உடுப்பும் பழக்கினால் நல்லது என்றாள். அதை வீட்டில் வைத்திருந்தால் நாய்க்கு முதல் எங்களைத்தான் சுடுவார்கள் என்றேன்.

ஒரு ஞாயிறு எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன பிள்ளை இது? அடிச்சவனைப் பழக்க ஒருத்தரும் இல்லை. அடி வாங்கினதுக்குப் பழக்கிறம்" என்றேன்.

அவள் ஈரலை நுள்ளிக்கொண்டே, "அவங்களப் பழக்குறதுன்னா அம்புட்டு ஈரலுக்கு நான் எங்கம்மா போறது?" என்றாள்.

அவர்கள் வந்தது ஒரு போயா நாள் காலை. பௌத்தர்களின் பௌர்ணமி விடுமுறையான போயாவில் இறைச்சிக் கடை பூட்டு. பேணியில் முதல்நாள் மிச்சம் பத்துப் பன்னிரண்டு துண்டுதான். வீமனைக் குட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன். அதே அதிகாரி. பின்னால் ஏழெட்டுப் பேர், சப்பாத்துச் சத்தம். வீமனின் கழுத்து மயிர் எழும்பியது. காக்கியைப் பார்த்தான். மெல்லத் தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தான். கொடுத்தேன். அடுத்தவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கொடுத்தேன். பச்சை உடுப்பையும் அப்படியே பார்த்தான்.

அவர்கள் உள்ளே போய் அலுமாரியைக் கொட்டினார்கள், மெத்தையைப் புரட்டினார்கள். சப்பாத்துக் காலோடு சாமி அறைக்குள் போனார்கள். பேணி முடிந்துவிட்டது. அந்த நேரம் ஒரு இளம் ஆமிக்காரன், என் கணவர் ஏதோ பதில் சொல்லப் பிந்தியதற்காக, நெஞ்சில் கை வைத்துச் சுவரோடு தள்ளினான். தலை சுவரில் மோதிய சத்தம் முற்றத்துக்குக் கேட்டது. வீமன் நடுங்கினான். அவரைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிடம், குரைடா, பாயடா, கிழியடா என்றுதான் என் மனம் கத்தியது. அவனோ நான் கற்பித்ததைச் செய்துகொண்டு, வாலைத் தாழ்த்தி என்னையே பார்த்தபடி நின்றான். வெறும் கையை நீட்டினேன். அதை நக்கினான்.

அதிகாரி வெளியே வந்து, "ஹொந்த பல்லெக்" என்றார். நல்ல நாயாம். அத்தோடு விட்டிருந்தால் இவ்வளவு காலம் நான் இதைச் சுமந்திருக்க மாட்டேன். "பார், எப்படிப் பழகியிருக்கிறது! உங்கள் ஆட்களையும் இப்படிப் பழக்கினால் நாட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். என் உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் சிரித்தேன்.

அவர்கள் போன பிறகு நானா மதிலுக்கு மேலால் எட்டி, நாளைக்கு அதுக்கு முழு ஈரல் தாறேன் என்று கண் கலங்கச் சொன்னார். என் கணவர் பின்தலையைத் தடவிக்கொண்டு கதிரையில் இருந்தார். உயிரோடு இருந்தார், வீட்டில் இருந்தார், வீமனும் இருந்தான். அதற்காகத்தானே இவ்வளவும். ஆனாலும் ஆறவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். நாயைக் கோழையாக்கிவிட்டாய் என்று அவள்மேலேயே பாய்ந்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "ஈரல் தீந்த பின்னாடியும் ஒங்க மொகத்தத்தானேம்மா பாத்துச்சு? அது பயந்து நிக்கல. ஒங்கள நம்பி நின்னுச்சு. பயந்து நின்னது நாமதான்" என்றாள். நாம என்றாள். உள்ளே போய் எங்கள் கோப்பைகளில் ஒன்றில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தேன். அவள் கோப்பையையும் என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குடித்தாள்.

வீமன் அதன் பிறகு ஒருவரையும் கடிக்கவில்லை. கிழவனாகி, என் காலடியிலேயே கண்ணை மூடினான். இப்போதும் யாராவது எங்களைப் பார்த்து, நீங்கள் எவ்வளவு அமைதியான ஆட்கள், ஒரு கரைச்சலும் இல்லை என்று பாராட்டினால், அந்தப் போயா நாளும் நான் சிரித்த சிரிப்பும் நினைவுக்கு வருகின்றன. பேசாமல் நின்றதற்கு வீமனுக்காவது ஈரல் கிடைத்தது.