சோஃபியா டீச்சர் வீட்டு வேக்குவம் கிளீனர்

சண்முகவேல் வீட்டில் இருபதுக்குக் குறையாமல் வேக்குவம் கிளீனர்கள் உண்டு. வீட்டைப் பெருக்குவது என்னவோ துடைப்பத்தால்தான். கட்டிலுக்கு அடியில் ஒரு வரிசை, பரண்மேல் ஒரு வரிசை. எல்லாம் பழைய காலத்து மாடல்: நீளமான உலோக உருளை, அடியில் இரண்டு சறுக்குச் சட்டம், முன்னால் காற்றை இழுக்கும் வாய், பின்னால் ஊதும் வாய். இதில் ஒன்றாவது இந்த வீட்டுக் கூடத்தைச் சுத்தம் செய்திருக்கிறதா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நியாயம் கேட்பாள் அவர் மனைவி முத்துமாரி. மேற்கு மாம்பலத்தில் அந்தச் சந்தில் இதற்குப் பதில் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது.

சண்முகவேல் ஈக்காட்டுத்தாங்கலில் மோட்டார்களுக்குக் காயில் சுற்றும் பட்டறை வைத்திருக்கிறார். சோறு போடுவது அது. மனசு கிடப்பது இந்த உருளைகளிடம். பெயர்த்தகடு விழுந்துபோன ஒரு மிஷினைக் கையில் கொடுத்துவிட்டால் போதும், மனிதர் முகத்தில் கல்யாணக் களை வந்துவிடும். திருகாணியைக் கழற்றி, மரை அங்குலக் கணக்கா மில்லிமீட்டர் கணக்கா என்று நகத்தால் தடவிப் பார்ப்பார். கைப்பிடி வார்ப்பைப் பார்ப்பார், குழாய் மாட்டும் கொக்கியைப் பார்ப்பார். பிறகு எந்த நாட்டுச் சரக்கு, ஏறக்குறைய எந்தக் காலம் என்று சொல்வார். சொல்வதோடு விடமாட்டார், எதிராளி ஒப்புக்கொள்ளும்வரை சொல்வார். அடக்கம் என்ற சமாச்சாரம் அவர் இருக்கும் திசைப்பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

போன ஆடி மாதம், மயிலாப்பூரில் சோஃபியா டீச்சர் என்பவர் வீட்டில் பெயரில்லாத உருளை ஒன்று கிடப்பதாகத் தகவல் வந்தது. பட்டறையைப் பாதியில் சாத்திவிட்டு ஓடினார். டீச்சர் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தெருக்கோடியில் இருக்கும் மாதா கோயிலில் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே ஆர்கன் வாசிப்பவர். காலால் மாற்றி மாற்றி மிதித்துக் காற்றேற்றி வாசிக்கிற பழைய மரப்பெட்டி ஆர்கன் அது.

உருளை, அடையாற்றில் பங்களாவைக் காலி செய்து கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரரிடம் டீச்சரின் அப்பா வாங்கியது. சண்முகவேல் அதைத் தரையில் படுக்கவைத்து, தானும் பக்கத்தில் படுத்துத் தடவிப் பார்த்துவிட்டு, இங்கிலாந்து மிஷின், ஐம்பதுகளில் செய்தது என்று தீர்ப்புச் சொன்னார். டீச்சர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவர் கண் பின்பக்கத்து வாயின்மேல் இருந்தது.

“இதை விடாம காத்து ஊத வைக்க முடியுமா தம்பி?”

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. டீச்சருக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன். இனி ஆர்கன் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோயிலில் கீபோர்டு வாங்கியாகிவிட்டது. கடற்கரைச் சாலையில் புதிதாகத் திறக்கிற ஹோட்டல் ஒன்று வரவேற்பறையில் அழகுக்கு வைக்க ஆர்கனைக் கேட்டிருக்கிறது. செப்டம்பர் திருவிழாவுக்குள் அது பாடாவிட்டால் கொடுத்துவிடலாம் என்று கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவையில் முடிவாகிவிட்டது.

“கீபோர்டு வாசிக்கத் தெரியாம இல்ல. ஆனா அந்த ஆர்கன்மேல பூச்சாடி வெச்சு நிறுத்திடுவாங்க தம்பி. அதை நெனச்சா சோறு எறங்கல” என்றார் டீச்சர்.

ஹார்மோனியத்துக்குக் காற்றுக் கொடுப்பது ஒரு வேலையா என்று நினைத்தார் சண்முகவேல். அந்த வாரமே உருளையைக் கோயிலுக்குத் தூக்கிப்போனார். ஆர்கனின் பின்பலகையைக் கழற்றி, அடியிலிருந்த துருத்தியோடு குழாயைச் சேர்த்து, மறுமுனையை ஊதும் வாயில் மாட்டினார். பார்ப்பதற்கு ஃபாதரும் வந்து நின்றார். சுவிட்சைப் போட்டதும் ஆர்கனிலிருந்து ஒரு சுரமும் வரவில்லை. கட்டைகளின் இடுக்கு வழியாகப் பல வருஷத்துத் தூசி புஸ்ஸென்று கிளம்பி ஃபாதரின் வெள்ளை அங்கியில் போய் அமர்ந்தது. ஃபாதர் கோபிக்கவில்லை. தும்மிவிட்டு, முயற்சி செய்ததே போதும் என்றார். அந்த அன்பான வார்த்தைதான் சண்முகவேலுக்குச் செருப்படி போல இருந்தது. டீச்சர் கட்டைகளைத் துணியால் துடைத்து மூடினார்.

தூசி உறிஞ்சுகிற மிஷினை வைத்துக் கோயிலுக்குள் தூசி கிளப்பிய ஆள் உலகத்திலேயே நீதான்யா என்றாள் முத்துமாரி. அவர் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

மறுநாள் ஒரு கட்டு ஊதுபத்தியோடு திரும்பிப் போனார். குழாயில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க அவர் பட்டறையில் செய்வது அதுதான். புகை எங்கே கலைகிறதோ அங்கே ஓட்டை. ஆர்கனில் காற்று எங்கேயோ கசிகிறது என்பது அவர் கணக்கு. டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரே மிதித்தார். டீச்சர் ஒரு கையால் கட்டையை அழுத்தி, மறுகையால் பத்தியைப் பிடித்தார். சுரம் எழுந்தது. புகை வெளியே சிதறும் என்று பார்த்துக்கொண்டிருந்தார் சண்முகவேல். அதுவோ நூல் போல நீண்டு, கட்டை இடுக்குக்குள் இறங்கிப் போயிற்று. டீச்சர் விரலை எடுத்ததும் நின்றது, அழுத்தியதும் மறுபடி இறங்கியது. சண்முகவேலுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

“டீச்சர், இது ஊதி பாடல. மூச்சை உள்ள இஸ்துக்கினு பாடுது.”

இத்தனை வருஷம் வாசித்த டீச்சருக்கும் அது தெரியாது. மிதித்தால் பாடும், அவ்வளவுதான் தெரியும். ஊதும் ஹார்மோனியத்தையே பார்த்துப் பழகிய ஊரில் இப்படி ஒரு பெட்டி தலைகீழாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் என்று யார் கண்டார்கள்? இருவரும் அந்த ஊதுபத்தி தீரும்வரை சின்னப்பிள்ளைகள் மாதிரி ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குழாயை முன்வாய்க்கு மாற்றினார். இப்போது இழுப்பு அதிகமாகித் துருத்தி ஒட்டிக்கொண்டது, ஆர்கன் வீறிட்டது. ஒரு பழைய ஃபேன் ரெகுலேட்டரை இடையில் கொடுத்து வேகத்தைக் குறைத்தார். குழாயில் ஒரு துளை போட்டு, இழுப்பு மிஞ்சினால் திறந்துகொள்ளும்படி அதற்குத் தோலில் மூடி வைத்தார். போதாது, இன்னும் மெதுவாக, இன்னும் என்று டீச்சர் சொல்லச் சொல்லத் தணித்துக்கொண்டே வந்தார். மோட்டார் இரைச்சல் பூசைக்கு ஆகாது என்பதால் உருளையைப் பின்வராந்தாவில் வைத்து, குழாயை ஜன்னல் வழியே உள்ளே விட்டார்கள்.

திருவிழா அன்று முத்துமாரியும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து, உள்ளே பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். பின்வராந்தாவில் உருளையோடு இருந்த சண்முகவேலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஐம்பதுகளின் மோட்டார், எப்போது சூடேறும் என்று சொல்ல முடியாது. ஒரு கை ரெகுலேட்டரிலேயே இருந்தாக வேண்டும். பூசை தொடங்கி மணி அடித்தது. அவர் காதில் விழுந்தது உருளையின் உறுமல் மட்டும்தான். உள்ளே ஆர்கன் பாடுகிறதா, ஊமையாக நிற்கிறதா, ஒன்றும் தெரியவில்லை.

அப்போது உறுமல் லேசாக இறங்கியது. பிறகு ஏறியது. மறுபடி இறங்கி, அங்கேயே கொஞ்சம் நின்றது. சண்முகவேல் குனிந்தார். காற்று தாராளமாகப் போனால் மோட்டாரின் குரல் இறங்கும், வழி அடைத்தால் ஏறும், தொழிலில் அரிச்சுவடி. டீச்சர் பல கட்டைகளைச் சேர்த்து அழுத்தும்போது இறங்குகிறது. கையைத் தூக்கும்போது ஏறுகிறது. உள்ளே வாசிப்பது இங்கே உருளைக்குள் வந்துகொண்டிருக்கிறது. அவர் உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். எத்தனை ஆயிரம் மோட்டார்களின் இரைச்சலைக் கேட்டவர்! பழுது எங்கே என்று தேடாமல் அவர் ஒரு மோட்டாரைக் கேட்டது அதுதான் முதல் தடவை. கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

பூசை முடிகிற சமயம் முத்துமாரி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“ஓட்டலுக்குக் குடுக்கலியாம்யா. ஃபாதரே மைக்குல சொல்லிட்டாரு. எல்லாரும் எந்திரிச்சு நின்னுக்கினு...”

அவர் விரலை உதட்டில் வைத்தார். அவள் கையைப் பிடித்து இழுத்து உருளையின்மேல் வைத்தார். உள்ளே கடைசிப் பாட்டு ஆரம்பித்திருந்தது. இரண்டு கைகளுக்கும் கீழே உறுமல் ஆழமாக இறங்கியது.

“டீச்சர் வாசிக்கிறாங்க” என்றார்.

முத்துமாரி கையை எடுக்கவில்லை.