நூமா ராஜாவும் நீத்துப்பூசணியும்

செத்துப்போன ராஜாக்களை வைத்துப் பிழைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. வெளிநாட்டில், மாசி என்ற ஊரில் ஒரு பள்ளியில் பழைய ரோமாபுரிக் கதைகளைப் பாடமாக நடத்துகிறேன். "இதைப் படிச்சு என்ன பிரயோஜனம்?" என்று தினமும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் சக வாத்தியார்களே, உங்களுக்கு என் வலி புரியும். இந்த வருடம் வலி கொஞ்சம் அதிகம். இன்னும் ஒரு பிள்ளை சேராவிட்டால் வகுப்பை மூடிவிடுவார்கள். வகுப்போடு நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கடவுளிடம் பேரம்

நூமா, ரோமாபுரியின் இரண்டாவது ராஜா. இடி விழாமலிருக்கப் பரிகாரம் கேட்டாராம். வானத்துக் கடவுள் ஜூபிட்டர், "ஒரு தலையை வெட்டு" என்றார். "வெட்டுகிறேன், வெங்காயத்தின் தலையை" என்றார் ராஜா. "மனிதனுடையது வேண்டும்" என்றார் கடவுள். "தருகிறேன், மனிதனின் முடியை." கடவுளே சிரித்து இறங்கி வந்துவிட்டார்.

புதுப் பிள்ளைகளை இழுக்க இந்தக் கதையைத்தான் எடுத்துவிட்டேன். இங்கேயே பிறந்த அபிநயா துள்ளிக் குதித்தாள்: "மிஸ், தட்ஸ் மை மம் இன் சான்ட்ரிங்ஹாம்!" சான்ட்ரிங்ஹாம் நம்மூர்க் காய்கறிக் கடைகள் உள்ள தெரு; அங்கே அவள் அம்மா பேரம் பேசுவதும் இப்படித்தானாம்.

அப்பா வந்தார்

அபிநயாவுக்குச் சேர ஆசை. அவள் அப்பா சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர், புக்கெகோஹி என்ற விவசாய ஊரில் வெங்காயம் பொதி செய்யும் இடத்தில் மேற்பார்வையாளர். பெற்றோர் சந்திப்பில் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மனுசத் தலைக்கு வெங்காயமோ? கடவுளை ஏமாத்தின ராசாவையே பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறியள்?"

எனக்குச் சுருக்கென்றது. "சார், புது வீட்டுக்குப் பால் காய்ச்சினப்போ வாசல்ல என்ன வெட்டினீங்க?" என்றேன்.

"நீத்துப்பூசணி."

"உள்ளே என்ன தடவினீங்க?"

"குங்குமம்…" என்று இழுத்தார். சிவந்த பூசணி எதற்குப் பதிலாக வெட்டப்படுகிறது என்று அவருக்கா தெரியாது? பிறகு மேசையைத் தட்டிச் சிரித்தார்: "அட, அப்ப அந்தாளும் எங்கட ஆள்தான்!"

வனதேவதை

"அப்போ சேர்த்துடலாமா?" என்றேன். சிரிப்பு நின்றது. "வீட்டில ஒருக்காக் கேட்டுச் சொல்லுறன்" என்று எழுந்துவிட்டார்.

நூமாவும் இதே கேஸ்தான். எந்தச் சட்டம் போடுவதானாலும் தோப்புக்குள் போய் மனைவியான வனதேவதையைக் கேட்டுவிட்டுத்தான் ஊருக்கு அறிவிப்பார். கதையில் ரசித்துச் சிரித்த எனக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. போன் அடித்தாலே ஓடிப்போய் எடுத்தேன். வாரக் கடைசியில் அவரே கூப்பிட்டார், குரலில் ராஜ கம்பீரம்: "ரீச்சர், நான் முடிவெடுத்திட்டன். அவ ஓம் எண்டிட்டா."

ஆக, என் வேலையைக் காப்பாற்றியது நூமாவும் இல்லை, ஜூபிட்டரும் இல்லை, சான்ட்ரிங்ஹாமில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசும், நான் இன்னும் நேரில் பார்த்திராத அந்த அம்மாதான்.